வினிஃப்ரெட் பழுது பார்த்த கிதார்ப் பெட்டி

வினிஃப்ரெட்டுக்கு மூக்குதான் முதல் கருவி. ஜொகூர் பாருவில் ஒரு சீன முதலாளியின், அந்த ஊர்ப் பேச்சில் தவுக்கேயின், ரேடியோக் கடையில் எட்டு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் அவள். வாடிக்கையாளர் கொண்டுவரும் வால்வுகளைச் சோதனைப் பெட்டியில் செருகிப் பார்த்து, இது போய்விட்டது, இது இன்னும் ஆறு மாதம் ஓடும் என்று சொல்வதுதான் வேலை. ஆனால் கடையின் ரிப்பேர்காரர் வாரத்தில் மூன்று நாளைக் கள்ளுக்கடையிலும் இரண்டு நாளைத் தலைவலியிலும் கழித்து வந்ததால், பின்னறையில் வயிறு பிளந்து கிடந்த ரேடியோக்களை யாராவது சரி செய்து மூட வேண்டியிருந்தது. அந்த யாராவது வினிஃப்ரெட்தான். தவுக்கேக்கு இது நன்றாகத் தெரியும். வெளியே மட்டும் மூச்சு விட மாட்டார். பெண்பிள்ளை கை வைத்தது என்று தெரிந்தால் நல்ல ரேடியோவும் வாடிக்கையாளன் காதுக்குக் கரகரக்கும் என்பது அவருடைய பயம்.

ஜப்பான்காரன் வந்ததும் தவுக்கே கடையைப் பூட்டிவிட்டு உள்நாட்டில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனார். போகும்போது ஒரு பிஸ்கட் டின்னை வினிஃப்ரெட்டிடம் கொடுத்தார். அவள் கணவன் டெஸ்மண்ட் ஆசையாகத் திறந்து பார்த்து முகம் தொங்கிப் போனான். உள்ளே இருந்தவை வால்வுகளும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கண்டென்சர்களும், ஈயக் கம்பியும். அந்தப் பஞ்ச காலத்தில் அவனுக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது.

டெஸ்மண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். கம்பெனி போனது, வேலை போனது, மிச்சம் இருந்தது ஒரு ஹவாய் கிதார். மடியில் படுக்கப் போட்டு, நரம்புகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கிற மின்சார கிதார் அது. தனியாக மீட்டினால் கொசு பாடுகிற சத்தம்தான் வரும். அதை ஊர் கேட்கச் செய்வது கூடவே வருகிற ஒலிபெருக்கிப் பெட்டி. ஊரைவிட்டுப் போன ஓர் ஆங்கிலேய இன்ஜினியரிடமிருந்து டெஸ்மண்டுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. ஆள் நல்லவன், கை நல்ல கை. ஒரு பொருளை அவனிடம் விடுவது மட்டும் சின்னப் பிள்ளையிடம் விடுவதுபோல்தான்.

1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெப்ராவ் சாலையோரத்தில் அவர்கள் குடியிருந்த கம்பத்துக்கு, அந்தச் சிற்றூருக்கு, இரண்டு தடவை லோரி வந்து போயிருந்தது. போனவர்களிடமிருந்து ஒரு வரி கடிதம்கூட வரவில்லை. டெஸ்மண்டை இதுவரை காப்பாற்றியது ஒரு தாள். செபஸ்தியன் என்பவர் நடத்திய பேண்டில் அவனும் இருந்தான். சனிக்கிழமை பிற்பகல்களில் ஜப்பானிய அதிகாரிகளின் மண்டபத்தில் அந்த ஐந்து பேரும் வாசிப்பார்கள். ஐவரின் பெயரையும் ஜப்பான் எழுத்தில் வரிசையாக எழுதி, இவர்களை வேறு வேலைக்குப் பிடிக்கக் கூடாது என்று சிவப்பு முத்திரை குத்திய தாளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அதிகாரி உட்கார்ந்து கேட்டு, தலையை எண்ணி, புதுத் தாளில் முத்திரை குத்துவார். அமெரிக்கப் பாட்டு என்றால் அவருக்கு ஆகாது, ஆனால் அந்த வழுக்குகிற கிதார்ச் சத்தம் இல்லாவிட்டால் பேண்டே தேவையில்லை என்று சொல்லியிருந்தார். வருகிற சனிக்கிழமை முத்திரை நாள்.

வியாழக்கிழமை காலை வினிஃப்ரெட் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். வெந்த மெழுகும் அழுகிய மீனும் கலந்த ஒரு வாடை வந்தது. அவளுக்கு அது கண்டென்சர் என்று உடனே தெரிந்தது. அடுத்த நொடி கூடத்தில் தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், டெஸ்மண்ட் கிழங்கு மாவுக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தான். தலைமுதல் இடுப்புவரை வெள்ளை.

"வழுக்கி விழுந்துட்டேன், வினி."

"பெட்டிக்குள்ள விரலை விட்டீங்களா?"

"கம்பியைப் பிடுங்கிட்டுத்தான் விட்டேன்," என்றான் அவன், அது தன் பக்க நியாயம் என்பதுபோல.

"பிடுங்கினாலும் உள்ள கரண்டு உக்காந்திருக்கும். கடையில ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கேன், வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். போய்க் கெணத்தடியில குளிங்க."

அவனைத் துரத்திவிட்டு அவள் வேலையில் இறங்கினாள். கோபம் இருந்தது, அதற்கடியில் பயமும் இருந்தது. சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான். பயத்தோடு கை வைத்தால் கை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் வழக்கத்தைவிட மெதுவாகவே செய்தாள். பெட்டியின் கம்பி சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருப்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். தரையில் பலகை போட்டு, பலகை மேல் கித்தா என்கிற ரப்பர் ஷீட்டை விரித்து அதில் ஏறி நின்றாள். வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் மலைமலையாகக் கிடந்த காலம், கித்தாவுக்குப் பஞ்சமில்லை. பிறகு வளையல்களைக் கழற்றினாள். கழுத்துச் சங்கிலியில் கை வைத்தபோது கொஞ்சம் தயங்கினாள். சின்னச் சிலுவை பொறித்த தாலி அதில் தொங்கியது. குனியும்போது அது ஆடி உள்ளே பட்டால், பெட்டியில் இருக்கிற மின்சாரம் நேராகக் கழுத்துக்கு வரும். கர்த்தர் புரிந்துகொள்வார், கரண்டு புரிந்துகொள்ளாது என்று முடிவு செய்து, அதையும் கழற்றித் தம்ளரில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

இரண்டு நீளக் கம்பிகள் பொருத்திய ஒரு பல்பை எடுத்து, மின்சாரம் கைக்குக் கை நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால் அந்தக் கம்பிகளைக் கண்டென்சரின் இரு முனைகளிலும் சேர்த்துத் தொட வைத்தாள். டெஸ்மண்டை உதைத்ததுபோக மிச்சமிருந்த மின்சாரத்தில் பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. இன்னொரு தடவை தொட்டாள். ஒன்றுமில்லை. இனிமேல்தான் விரல் உள்ளே போகலாம்.

முதலில் பியூஸைப் பார்த்தாள். பார்த்ததும் கிணற்றடி இருந்த திசையில் திரும்பி ஒரு முறை முறைத்தாள். எரிந்த பியூஸுக்குப் பதிலாக அந்த மனிதன் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருந்தான். தவறு நடந்தால் தான் எரிந்து பெட்டியைக் காப்பாற்றுவதற்கென்றே பியூஸ் இருக்கிறது. வெள்ளித் தாளோ எதையும் எரியவிட்டுத் தான் சுகமாக உட்கார்ந்திருக்கும். பெரிய கண்டென்சர் ஒன்று வீங்கி, அடியில் மெழுகு கசிந்திருந்தது. வால்வுகள் பிழைத்திருந்தன. பிஸ்கட் டின்னில் அதே அளவில் ஒரு கண்டென்சர் இருந்ததைக் கண்டபோது, தவுக்கே எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

ஈயம் உருக்கும் செம்புக்கோலைக் கரியடுப்பில் காய வைத்து, ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஈயம் ஒட்டத் தடவுகிற குங்கிலியத்தின் புகையில் கண் கலங்க அவள் பழையதைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பின்வாசல் வழியாக உப்பு கேட்க வந்தாள்.

பேச்சியம்மாள் கண்டது இதுதான். வெறுங்கழுத்து, வெறுங்கை. கண்ணில் நீர். கிதார் ஓரமாகக் கிடக்கிறது. புருஷனைக் காணோம்.

"தங்கச்சி," என்றாள். "எப்போ?"

வினிஃப்ரெட்டின் வாயில் ஈயம். ஒரு கையில் கொதிக்கிற கோல். கொஞ்சம் பொறு என்று மறு கையைத் தூக்கிக் காட்டினாள். வெறுமையான அந்தக் கையைப் பார்த்ததும் பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி, ஓங்கிய குரலில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"பந்தலிலே மாலையிட்ட மகராசா, நீ பாதியிலே போன வழி எந்த வழி..."

தெரு கூடிவிட்டது. ஆண்கள் தலையைக் குனிந்து வாசலில் நின்றார்கள். இரண்டு பெண்கள் பேச்சியம்மாளின் இரு பக்கமும் உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள். வினிஃப்ரெட் ஈயத்தைத் துப்பிவிட்டு என்னவோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. இந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் துண்டும் தலையில் ஈரமுமாக டெஸ்மண்ட் உள்ளே வந்தான். அழுகிறவர்களைப் பார்த்து அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"யாரு, அக்கா, போயிட்டாங்க?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டான்.

அவள் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். ஒப்பாரி நடுச்சொல்லில் நின்றது. பக்கத்தில் கிடந்த ஈர்க்குமாற்றை எடுத்து அவன் காலில் இரண்டு வைத்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் தொப்பி தெரிந்தது. அழுகைச் சத்தம் கேட்டு மலாய்க் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். அவர் கண் நேராக மேசைக்குப் போயிற்று. திறந்த பெட்டி, உள்ளே வால்வுகள். திருட்டுத்தனமாக வெளிநாட்டுச் செய்தி கேட்கிற ரேடியோ வைத்திருந்தால் என்ன தண்டனை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சத்தமில்லாமல் பாதியாகக் குறைந்தது.

"ராடியோ," என்றார் கான்ஸ்டபிள்.

"ராடியோ இல்ல, துவான்," என்றாள் வினிஃப்ரெட் மலாய் மொழியில்; அதில் ஐயா என்பது துவான். "கிதாருக்குச் சத்தம் குடுக்கிற பெட்டி. உங்க பெரிய துவான் கேக்கிற கிதார்தான்."

"அப்படின்னா வாசிச்சுக் காட்டு."

"காட்டறேன். ஆனா அவசரப்படுத்தினா நான் செத்துப் போவேன். இன்னிக்கு அழுது முடிச்சவங்க மறுபடி அழணும். உக்காந்து ஒரு கோப்பி குடிங்க."

வறுத்த சோளத்தில் போட்ட கோப்பி அது. கான்ஸ்டபிள் முகத்தைச் சுளித்துக்கொண்டே மெதுவாகக் குடித்தார். வினிஃப்ரெட் புதுக் கண்டென்சரை வைத்து இரண்டு முனையிலும் ஈயம் பற்றவைத்தாள். எது கூட்டல் முனை, எது கழித்தல் முனை என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். வெள்ளித் தாளை எறிந்துவிட்டு டின்னில் இருந்த சரியான பியூஸைப் போட்டாள். பெட்டியை நேராகச் சுவரில் செருகவில்லை. நடுவில் ஒரு பல்பைத் தொடுத்து அதன் வழியாகச் செருகினாள். உள்ளே இன்னும் கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டி தப்பிக்கும்.

ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, மறு கையால் விசையைப் போட்டாள். பல்பு பளீரென்று எரிந்தது. அவள் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. வருடக்கணக்கில் டின்னுக்குள் தூங்கிய கண்டென்சருக்கு விழித்துக்கொள்ள நேரம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் பயம் பயம்தான். பல்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் மங்கலான சிவப்புக் கம்பியாக நின்றது. வால்வுகளுக்குள் செம்மை ஏறியது. பெட்டி மெல்ல முனகியது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடுங்கி, பல்பை எடுத்துவிட்டு நேராகச் செருகினாள்.

டெஸ்மண்ட் துண்டோடே உட்கார்ந்து கிதாரை மடியில் போட்டு இரும்பை வழுக்கினான். கம்பத்துக் கல்யாணங்களில் வாசிக்கிற ஒரு மெட்டு. இனிமையாக, தெளிவாக, தெருக்கோடிவரை போயிற்று. கான்ஸ்டபிள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு முழுப் பாட்டையும் கேட்டார். தன் தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகும் பேச்சியம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். வினிஃப்ரெட் தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவருக்குப் போயி இவ்வளவு நல்ல பாட்டா, அக்கா? உயிரோட இருக்கும்போதே கேட்டுட்டாரு, இனிமே கையில பிடிக்க முடியாது."

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"அது அவருக்குப் பாடினது இல்ல, தங்கச்சி. எங்க வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. திங்கக்கிழமை லோரி. ஆளு உயிரோட இருக்கும்போது வீட்டுல அழக்கூடாதே. முந்தாநாள்ல இருந்து நெஞ்சுல அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு. உங்க வீட்டுல எளவுன்னு நெனச்சதும், அழ ஒரு எடம் கெடச்சுது."

பேச்சியம்மாளின் கணவர் ஐயாசாமி மாட்டு வண்டிக்காரர். பேண்டு கிடையாது, தாள் கிடையாது. தன் புருஷனுக்கு வந்த ஆபத்தைச் சரிசெய்துவிட்ட சந்தோஷம் அவளுக்குள் அப்படியே வெட்கமாக மாறிற்று. கேட்ட உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவள் ஐயாசாமியைக் கூப்பிட்டு அனுப்பினாள். பெட்டியை எப்படித் தூக்குவது, ஈரத்தரை என்றால் பலகையும் கித்தா ஷீட்டும் எப்படிப் போடுவது, கம்பியைப் பிடுங்குவதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் உள்ளே கை விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"பின்னாடியும் போவக்கூடாது, முன்னாடியும் போவக்கூடாது. நம்ம மாடு மாதிரிதானே, ஆத்தா," என்றார்.

"அதே மாதிரிதான், அண்ணே. ஆனா இது கட்டிப் போட்ட பெறகும் உதைக்கும்."

சனிக்கிழமை காலையில் செபஸ்தியன் பெட்டியை எடுத்துப் போக ரிக்‌ஷாவோடு வந்தார். தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இன்றைய முத்திரைக்காகத் தட்டச்சு செய்த ஐந்து பெயர்ப் பட்டியல் பையில் இருந்தது.

"ஆறாவது பேர் ஒண்ணு சேக்கணும், அண்ணே," என்றாள் வினிஃப்ரெட். "ஐயாசாமி. பெட்டியைப் பாத்துக்கிற ஆளு."

"அலமாக், வெளையாடாதே, தங்கச்சி. பெரிய துவான் எண்ணுவான். இவன் என்ன வாசிப்பான்னு கேட்டா?"

"ஒண்ணும் வாசிக்க மாட்டாரு. உங்க வாத்தியத்தையெல்லாம் வாசிக்க வைக்கிறவரு. இந்தப் பெட்டியைத் தெரியாதவங்க தொட்டுத்தான் வியாழக்கிழமை ஒரு ஆள் மாவுக் கூடையில விழுந்தாரு. அங்க ஒரு ஜப்பான் துவான் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அஞ்சும் போயிரும், வினி. ஒன் புருஷனும் போயிருவான்."

இது அவளுக்குத் தெரியாததில்லை. இரண்டு இரவாக இதைத்தான் நினைத்துப் புரண்டிருந்தாள். ஆனால் பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்கியிருந்தாள். இப்போது விரல்களை மூடிக்கொண்டாள். பியூஸ் இல்லாமல் பெட்டி பாடாது. டெஸ்மண்டைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. பந்தயம் வைத்தது அவனை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெஸ்மண்ட் அவள் கையைப் பார்த்தான். பின்பக்கத்தில், வேலிக்கு அப்பால், பேச்சியம்மாள் ஒன்றும் கேட்காதவள்போல் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் கிதாரை மறுபடி மர உறையில் போட்டு, கொக்கியை மாட்டி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"பெட்டிச் சமாச்சாரத்துல வினி சொல்றதுதான், அண்ணே," என்றான்.

செபஸ்தியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபோது, புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து தன்னைக் கொல்லப் பார்ப்பதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே எழுதினார்.

பிற்பகல் முழுவதும் வினிஃப்ரெட்டால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. பேச்சியம்மாள் வந்து அவள் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள். இருவரும் கிழங்கு உரித்தார்கள். உரித்ததையே மறுபடி உரித்தார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் சாலை வளைவில் டெஸ்மண்ட் மட்டும் தனியாக வந்தான். பேச்சியம்மாளின் கை நின்றுவிட்டது. வினிஃப்ரெட் எழுந்தாள். பிறகு, நூறு அடி பின்னால், ரிக்‌ஷாவை நம்பாமல் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு, அதன் மேல் கித்தா ஷீட்டையும் போட்டுக்கொண்டு, சாமி தூக்குகிறவர் நடையில் ஐயாசாமி வந்தார்.

டெஸ்மண்டுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பெரிய துவான் எண்ணினாரு. ஆறு. இவன் என்ன பண்றான்னு கேட்டாரு. மின்சாரத்துக்குக் காவல்னு செபஸ்தியன் அண்ணன் சொன்னாரு. சொல்லி வாய மூடல, துவான் நேரா வந்து பெட்டிக்குப் பின்னால கை விட்டுட்டாரு. இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? துவான் கையைப் பிடிச்சுத் தள்ளிட்டாரு. எங்களுக்கெல்லாம் உசுரே இல்ல."

"உதைக்கும்னு ஆத்தா சொல்லிச்சே," என்றார் ஐயாசாமி, பெட்டியை இறக்கிக்கொண்டே.

"துவான் ரொம்ப நேரம் இவரையே பாத்தாரு. அப்புறம் ரெண்டு அடி பின்னால போனாரு. கையக் கட்டிக்கிட்டுப் பாட்டு முடியறவரைக்கும் அங்கேயே நின்னாரு. பெறகு முத்திரை குத்தினாரு."

ஐயாசாமி இடுப்பு முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த தாளை மனைவியிடம் கொடுத்தார். பேச்சியம்மாள் பிரித்துப் பார்த்தாள். முழுக்க ஜப்பான் எழுத்து, கீழே சிவப்பு முத்திரை.

"இதுல எங்க இருக்கு, தங்கச்சி, இவரு பேரு?"

வினிஃப்ரெட்டுக்கும் அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மேலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டு வந்து, ஆறில் நிறுத்தினாள். பேச்சியம்மாள் அதை நம்பவில்லை. தாளை வாங்கி, தானே மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஆறாவது வரி அங்கேதான் இருந்தது. இன்னொரு தடவை எண்ணினாள்.